செடி செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை: கண்ணைப் பறிக்கும் பூச்செடிகளுக்கு அறிகுறி பார்த்துத் தீர்வு

ஹெலிகோனியா, அந்தூரியம், ஆர்கிட், சொர்க்கப்பறவைப் பூ, கலப்பினச் செம்பருத்தி, கல்வாழை, அடினியம், காகிதப்பூ என்று ஆசை ஆசையாக வாங்கி வைக்கிறோம். சில மாதங்களில் ஏதோ ஒன்று சரியில்லாமல் போகிறது. உடனே எல்லோரும் கேட்பது, "இதுக்கு என்ன உரம் போடலாம்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். இந்தச் செடிகளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி வெளிச்சம், தண்ணீர், வேர், வயது என்ற நான்கில் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது. வேர் அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு உரம் வைத்தால், மிச்சமிருக்கும் வேரும் கருகும்.

பார்க்க எல்லாமே ஒரே காட்டிலிருந்து வந்தவை மாதிரித் தெரியும். உண்மையில் பிறந்த இடங்கள் வேறு வேறு. அந்தூரியம் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தது. ஃபெலனாப்சிஸ் ஆர்கிட் கிளையில் தொற்றிக்கொண்டு வேரைக் காற்றில் விட்டு வாழ்வது. அடினியம் வறண்ட நிலத்தில் தண்ணீரைத் தண்டிலேயே சேர்த்து வைத்துக்கொள்வது. கல்வாழைக்குச் சதுப்பு ஓரம்கூடப் பிடிக்கும். இந்த நான்குக்கும் தினமும் காலையில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினால் ஒன்றாவது போய்விடும். ஆகவே செடியின் பெயரைத் தெரிந்துகொள்வதுதான் முதல் சிகிச்சை.

கை வைப்பதற்கு முன்

கோளாறு செடியின் எந்த இடத்தில் தொடங்கியது என்று பாருங்கள். அடியில் உள்ள பழைய இலையிலா, நுனிக் கொழுந்திலா, மொட்டிலா? இந்த ஒரு விவரமே பாதி விடையைத் தந்துவிடும். அடுத்து, விரலைத் தொட்டியின் மண்கலவைக்குள் இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும்போதே அடியில் சொதசொதவென்று இருக்கும் தொட்டிகள் ஏராளம். கடைசியாக, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சிகள் குடியிருப்பது அங்கேதான்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இடமும் மாற்றி, கலவையும் மாற்றி, மருந்தும் அடித்தால், தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது; வாடினாலும் தெரியாது. கருகிய இலை மறுபடி பச்சையாகாது என்பதையும் மனதில் வையுங்கள். சிகிச்சை பலித்ததா என்பதை அடுத்து வரும் இரண்டு மூன்று புது இலைகள்தான் சொல்லும்.

செடி புதர் மாதிரி இருக்கிறது, பூவே வரவில்லை

எல்லாப் புகாரிலும் இதுதான் முதலிடம். காரணங்களும் இதில்தான் அதிகம்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் உள்ளங்கையை இலைக்கு ஓரடி மேலே பிடியுங்கள். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் வலுவான வெளிச்சம். கை என்று மட்டும் தெரிகிற மங்கலான நிழல் என்றால் நடுத்தரம். நிழலே தெரியவில்லை என்றால் அங்கே இலை வளரும், பூ வராது. செம்பருத்தி, காகிதப்பூ, கல்வாழை, அடினியம், ஈழத்தலரி, சொர்க்கப்பறவை எல்லாவற்றுக்கும் தெளிவான நிழல் விழும் வெயில் தினம் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். அந்தூரியத்துக்கும் ஃபெலனாப்சிஸுக்கும் மங்கலான நிழல் விழும் இடம் சரி. ஆர்கிட் தன் இலை நிறத்திலேயே இதைச் சொல்லிவிடும்: கரும்பச்சை என்றால் வெளிச்சம் போதவில்லை, இளம்புல் பச்சை என்றால் சரியாக இருக்கிறது, மஞ்சளோ சிவப்போ ஏறினால் அதிகம்.

வெளிச்சம் சரி என்றால் அடுத்தது வயது. சொர்க்கப்பறவைச் செடி விதையிலிருந்து வந்ததென்றால் முதல் பூவுக்கு நான்கைந்து ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். வெள்ளைப் பூ பூக்கும் பெரிய வகையான நிக்கோலாய்க்கு இன்னும் நீண்ட காலம் வேண்டும். அதைத் தொட்டியில் வைத்துப் பூவுக்குக் காத்திருப்பவர்கள் பலருக்கு அது வராமலே போகிறது. வாங்கும்போதே ஆரஞ்சுப் பூ பூக்கும் ரெஜினே வகைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செடிக்கு வேர் நெருக்கம் பிடிக்கும். தொட்டி நிறைந்துவிட்டதே என்று பிரித்து நட்டால் ஓரிரு ஆண்டு பூ தள்ளிப்போகும். கிழங்குப் பகுதியை ஆழமாகப் புதைத்தாலும் தள்ளிப்போகும். அதன் மேல்பக்கம் மண்மட்டத்தில் தெரியும்படி நடவேண்டும்.

மூன்றாவது காரணம் கத்தரி. தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஹெலிகோனியாவின் ஒவ்வொரு தண்டும் வாழை மாதிரி ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூங்கொத்து அந்தத் தண்டின் நடுவழியாகத்தான் வெளியே வரும், அதுவும் போதிய இலைகள் விரிந்த பிறகு. உயரமாகிவிட்டது, இலை கிழிந்துவிட்டது என்று பாதியில் வெட்டினால் அந்தத் தண்டின் பூவையும் சேர்த்து வெட்டியதாகிவிடும். வெட்ட வேண்டியது பூத்து முடிந்த தண்டை. அதைத் தரை மட்டத்தில். அப்போதுதான் பக்கக்கன்றுகளுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். பூத்த தண்டு பழுப்பாகிச் சாய்வதை நோய் என்று நினைத்து மருந்து தேடவேண்டாம், அதன் ஆயுள் அவ்வளவுதான். கல்வாழைக்கும் இதே கதைதான்.

ஈழத்தலரி கிளை நுனியில் பூப்பது. நுனியை வெட்டினால் அடுத்த பூக்காலம் வரை அந்தக் கிளை சும்மா இருக்கும். செம்பருத்தி நேரெதிர்: புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால் கவாத்து அதற்கு நல்லது. ஆனால் முழுச் செடியையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் சில மாதங்கள் பூ இருக்காது. மூன்றில் ஒரு பங்குக் கிளைகளை இப்போது, மீதியை மாத இடைவெளியில் என்று வெட்டிப் பாருங்கள், பூ விட்டுப்போகாது. தலைகீழ் எக்காளம் போலப் பூ தொங்கும் ப்ரக்மான்சியாவில் முதல் தண்டு இரண்டாகக் கவைத்த பிறகுதான் பூ வரும். கவைக்குக் கீழே வெட்டினால் செடி மறுபடி முதலிலிருந்து உயர்ந்து வரவேண்டும். குச்சி எடுத்து நடும்போதும் கவைக்கு மேலிருந்து எடுத்தால் சீக்கிரம் பூக்கும். இந்தச் செடி முழுவதுமே நஞ்சு. வெட்டிய கையால் கண்ணைத் தொடாதீர்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்புறம் உரம். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமான உரம் தொடர்ந்து போட்டால் இலை அகலமாக, கரும்பச்சையாக, பளபளவென்று வரும். பூ வராது. சிலர் "பூ வர மணிச்சத்து (பாஸ்பரஸ்)" என்று எலும்புத்தூளை அள்ளிப் போடுவார்கள். செம்பருத்தியிடம் இது எடுபடாது. அதற்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) நிறையவும் மணிச்சத்து குறைவாகவும் வேண்டும். மணிச்சத்து அளவுக்கு மீறினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்ள முடியாமல் கொழுந்து வெளுக்கும்.

காகிதப்பூ பூக்காததற்குப் பெரும்பாலும் காரணம் அன்பு மிகுதிதான். தினமும் தண்ணீர், பெரிய தொட்டி, நல்ல உரம் எல்லாம் கிடைத்தால் அது நீளநீளமாகக் கொடி விட்டுக்கொண்டே போகும். தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் துவளும்வரை விட்டு, பிறகு நன்றாக ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். நல்ல வெயிலில் இருக்கும் செடி என்றால் சில வாரங்களில் கணுதோறும் நிறம் காட்டத் தொடங்கும்.

ஃபெலனாப்சிஸுக்கு வெப்பநிலைதான் சாவி. 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நாள் முழுவதும் நின்றால் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். 25 டிகிரிக்குக் கீழே, இரவில் இன்னும் சற்றுக் குளிர்ச்சியாகச் சில வாரங்கள் கிடைத்தால்தான் பூத்தண்டு புறப்படும். உங்கள் இடத்தில் அந்தக் குளிர்ச்சிக்கு வழியே இல்லையென்றால் வெப்பத்தில் பூக்கும் ஆர்கிட் வகைகளான டென்ட்ரோபியம் கலப்பினங்களையோ வாண்டாவையோ எடுப்பது புத்திசாலித்தனம்.

அந்தூரியத்தில் ஒரு அழகான கணக்கு உண்டு. முதிர்ந்த செடியில் ஒவ்வொரு புது இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும். அதனால் பூ குறைந்தால் "இலை ஏன் வருவதில்லை?" என்று கேளுங்கள். இலை வரத்து சீரானால் பூ தானாக வரும்.

மொட்டு வைக்கிறது, விரியாமல் உதிர்கிறது

செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மிகவும் வலிக்கும் விஷயம் இது. காலையில் தொட்டியைச் சுற்றிப் பச்சையும் மஞ்சளுமாக மொட்டுகள் கிடக்கும். அவற்றைப் பெருக்கித் தள்ளாமல் ஒரு மொட்டை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். நகத்தால் நீளவாக்கில் கீறி, இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். உள்ளே ஓரிரு மில்லிமீட்டர் நீளத்தில், வெளிர்மஞ்சளாக, காலில்லாத புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈ. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் சில புழுக்கள் உடலை வளைத்துத் துள்ளிக் குதிப்பதையும் காணலாம். இந்த ஈயின் பெயர் கான்டரினியா மாக்குலிபென்னிஸ். டென்ட்ரோபியம் ஆர்கிட் மொட்டுகளையும் இது விடாது.

புழு மொட்டுக்குள் இருக்கும்வரை மேலே எதைத் தெளித்தாலும் அதற்கு எட்டாது. ஆனால் இதன் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு பலவீனம் இருக்கிறது: மொட்டு விழுந்ததும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் விழுந்த மொட்டுகளையும், செடியிலேயே மஞ்சளாகத் தொடங்கிய மொட்டுகளையும் தினமும் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள். முட்டை ஈயாகி வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்பதால், ஒரு மாதமாவது ஒரு நாளும் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். தாக்குதல் கடுமையாக இருந்தால் எல்லா மொட்டையும் ஒருமுறை கிள்ளிவிடுவதே நல்லது. மனசு வராதுதான், ஆனால் சுழற்சி அங்கே அறும்.

புழு இல்லையா? இதழ் இடுக்கில் நூல் துண்டு மாதிரி மெல்லிய, ஓடுகிற பூச்சிகள் இருந்தால் அவை இலைப்பேன்கள். விரிந்த பூக்களில் ஓரம் பழுப்பாகவோ வெள்ளைக் கீறலாகவோ இருப்பதும் அவற்றின் வேலைதான்.

இரண்டும் இல்லாமல் உள்ளே சுத்தமாக இருந்தால் கோளாறு சூழலில். தண்ணீர் ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று மாறி மாறிக் கிடைத்திருக்கலாம். திடீர் வெயில் ஏற்றமோ, தொட்டியை இடம் மாற்றியதோ காரணமாக இருக்கலாம். மொட்டு வைத்த செடியை நகர்த்தாதீர்கள். அடுக்குப்பூ வகைகள் ஒற்றைப்பூ வகைகளைவிட எளிதில் மொட்டை உதிர்க்கும்; அது அந்த வகையின் குணம்.

வீட்டுக்குள் வைத்த ஆர்கிட்டில் மொட்டுகள் மஞ்சளாகி வரிசையாக விழுந்தால் பக்கத்தில் பழுத்த பழம் இருக்கிறதா என்று பாருங்கள். பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும். குளிர்சாதனக் காற்று நேராகப் படுவதும் அதே வேலையைச் செய்யும்.

இலை மஞ்சளாகிறது

எங்கே மஞ்சள் என்பதுதான் கேள்வி.

அடியில் ஒன்றிரண்டு பழைய இலைகள் மட்டும் மெல்ல மஞ்சளாகி விழுந்தால் விட்டுவிடுங்கள், அது முதுமை. அடி இலைகள் கொத்தாக, முழுதாக வெளுத்து, செடியும் மந்தமாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் நரம்புகளும் நடுப்பகுதியும் பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம் போதவில்லை. எப்சம் உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம்.

கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் இரும்பு கிடைக்கவில்லை. கலவையில் இரும்பு இருந்தும் கிடைக்காமல் போவதுதான் வழக்கம். உப்புத்தன்மையான கடினநீர் தொடர்ந்து ஊற்றுவதால் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்பு கரையாமல் உட்கார்ந்துவிடும். செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் இது அடிக்கடி வரும். முடிந்தபோதெல்லாம் மழைநீர் ஊற்றுங்கள். கீலேட் இரும்பு (செடி எடுத்துக்கொள்ளும்படி கரைந்தே இருக்கும் இரும்பு) வாங்கும்போது பெட்டியைப் படித்துப் பாருங்கள்: இ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் சீக்கிரம் பலனிழக்கும், இ.டி.டி.எச்.ஏ. வகை காரமண்ணிலும் நின்று வேலை செய்யும். இந்த இரண்டாவது வகை சிவந்த தூளாக இருக்கும், துணியிலும் தரையிலும் கறை பிடிக்கும், பார்த்துக் கையாளுங்கள்.

எல்லா இலைகளும் ஒரே வாரத்தில் மஞ்சளாகி உதிர்ந்தால் சத்தைப் பற்றி யோசிக்காமல் வேரைப் பாருங்கள். அதற்கு அடுத்த பகுதி.

மண் ஈரமாகத்தான் இருக்கிறது, செடி வாடுகிறது

இதைப் பார்த்ததும் கை தன்னால் தண்ணீர்க் குடத்துக்குப் போகும். நிறுத்துங்கள். செம்பருத்தியும் ப்ரக்மான்சியாவும் உச்சிவெயிலில் துவண்டு, சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் கவலையில்லை. காலையிலும் துவண்டே இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரை முகர்ந்து பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும், மண்வாசனை வரும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். நாற்றமும் அடிக்கும். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுத்து, வேரைக் கழுவி, புதுக் கலவையில் நடுங்கள். முன்பிருந்ததைவிடச் சிறிய தொட்டியே போதும், ஏனென்றால் வேர் குறைந்துவிட்டது. மேலே உள்ள இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து நிழலில் வையுங்கள். புதுக்கொழுந்து வரும்வரை உரம் கிடையாது.

நல்ல செடிக்கும் தொட்டி மாற்றும்போது அகலத்தில் இரண்டு அங்குலம் மட்டும் கூட்டுங்கள். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரத்தோடு கிடந்து அழுகலைக் கொண்டுவரும். தட்டில் தேங்கிய நீரை அரைமணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

ஆர்கிட்டில் இலை தளர்ந்து சுருக்கம் விழுந்தால் தாகமாகவும் இருக்கலாம், தண்ணீர் மிகுந்து வேர் செத்ததாகவும் இருக்கலாம். இரண்டிலும் இலைக்கு நீர் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான். வேரைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். வெள்ளி நிறத்தில் கெட்டியான வேர் தாகத்தில் இருக்கிறது. நனைத்தால் சில நொடிகளில் பச்சையாகும். பழுப்பாக, அமுக்கினால் கொழகொழவென்று நீர் வடியும் வேர் அழுகிவிட்டது. ஃபெலனாப்சிஸின் நடுக்குருத்தில் தண்ணீர் இரவு முழுக்கத் தங்கினால் குருத்து அழுகி மேலே வளர வழியில்லாமல் போகும். காலையில் ஊற்றுங்கள், குருத்தில் தேங்கியதைத் தாளால் ஒற்றி எடுங்கள்.

அடித்தண்டு மெத்தென்று இருக்கிறது

அடினியத்தை வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அடி லேசாகச் சுருங்கி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கொஞ்சம் அமுங்கினால் தாகம். நன்றாக ஊற்றிய சில நாளில் கெட்டியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கி, தோல் கருத்து, ஈரம் கசிந்தால் அழுகல். உடனே பிடுங்கி, கருத்த திசு அத்தனையையும் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்து, சுத்தமான வெள்ளைச் சதை தெரியும்வரை போகவேண்டும். ஒரு பழுப்புக் கோடு மிஞ்சினாலும் அது மறுபடி பரவும். காயத்தை நிழலில் ஒரு வாரம் பத்து நாள் காயவிட்டு, பெரும்பகுதி மணலும் சிறுகல்லும் உள்ள கலவையில் நடுங்கள். நட்ட சில நாள் தண்ணீர் வேண்டாம். இதன் பால் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு, கையுறை போடுங்கள்.

ஈழத்தலரிக் குச்சியையும் வெட்டியவுடன் நடாமல் ஒரு வாரமாவது காயவிட்டு நட்டால் அடி அழுகாது.

இலை ஓரம் காய்கிறது, கிழிகிறது

சொர்க்கப்பறவை, ஹெலிகோனியா இலைகள் காற்றில் கிழிவது இயல்பு. வாழை இலை கிழிவது மாதிரிதான், விட்டுவிடலாம். ஓரம் பழுப்பாகிக் கருகினால் தொட்டி விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் உரமும் கடினநீரும் சேர்த்துவைத்த உப்பு. தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, ஒரு மாதம் உரத்தை நிறுத்துங்கள். அந்தூரிய இலையின் நடுவில் வெளுத்துக் காகிதம் போலான திட்டு என்றால் நேர்வெயில் பட்டிருக்கிறது.

ஒட்டுகிறது, சுருள்கிறது, வெளுக்கிறது

இலைமேல் பிசுபிசுப்பும் கரும்பூசணமும் இருந்து, எறும்பு வரிசையும் போனால் மேலே எங்கோ மாவுப்பூச்சியோ, அசுவினியோ, செதில்பூச்சியோ சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. எறும்புகள் அவற்றைப் பகைப்பூச்சிகளிடமிருந்து காப்பாற்றும், எனவே எறும்பையும் சேர்த்துத் தடுக்கவேண்டும். செம்பருத்திக் கொழுந்து கசங்கி முடிச்சாகிவிட்டால் அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டிவிடுங்கள், அது நிமிராது. சில இடங்களில் மட்டும் மாவுப்பூச்சி இருந்தால் 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாலே போதும். பரவலாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி திரவச் சோப்பும் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். முட்டைகள் இதற்குச் சாகாது என்பதால் ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்கவேண்டும். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

இலை ஊசியால் குத்தியதுபோல் நுண்புள்ளிகளாக வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இலையை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஊரும் புள்ளிகள் விழும். சூடும் வறண்ட காற்றும் இதற்குக் கொண்டாட்டம். வலுவான நீர்ப்பீச்சலால் அடிப்பக்கத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுவதே பெரிய சிகிச்சை. இது பூச்சி இனமே இல்லை என்பதால் இமிடாக்ளோபிரிட் போன்ற பூச்சிமருந்து இதைக் கொல்லாது. அதை அடித்த பிறகு சிலந்திப்பேன் பெருகுவதும் உண்டு.

புள்ளி, பொடி, கோடு

ஈழத்தலரி இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி இருந்தால் துரு நோய். அழகைக் கெடுக்கும், மரத்தைக் கொல்லாது. விழுந்த இலைகளைப் பெருக்கி அகற்றி, கிளைகளுக்கிடையே காற்றோட்டம் விட்டால் கட்டுக்குள் இருக்கும்.

அடுத்து வரும் இரண்டு நோய்களில் இரக்கம் காட்டக்கூடாது. அந்தூரிய இலை ஓரத்தில் நீர் ஊறியது போன்ற புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், பிறகு கருகல் என்று போனால் அது ஸாந்தோமோனாஸ் பாக்டீரியாக் கருகல். செடிக்குள் பரவிவிட்டால் மருந்து கிடையாது. கல்வாழை இலையில் நரம்போரமாக வெளிர்மஞ்சள் கோடுகள், சுருக்கம், பூவில் நிறச் சிதறல் தெரிந்தால் வைரஸ். கிழங்கோடு சேர்ந்தே வரும் என்பதால் பிரித்து நண்பர்களுக்குக் கொடுத்தால் நோயையும் கொடுத்ததாகும். கோடு போட்ட இலையுள்ள அலங்கார வகைகளும் இருக்கின்றன. அவற்றில் கோடுகள் எல்லா இலையிலும் ஒரே ஒழுங்கில் இருக்கும், இலை சுருங்காது. நோய்ச்செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். கத்தரியை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் நனைத்துக் கழுவிய பிறகே அடுத்த செடியைத் தொடுங்கள்.

அந்தூரியப் பூ விரிந்து பல வாரம் கழித்துப் பச்சையாவது நோய் இல்லை. பூவுக்கு வயதாகிவிட்டது, காம்போடு கிள்ளிவிடலாம்.

குளிரில் கருகிவிட்டது, அல்லது செடியையே காணோம்

வெப்பமண்டலச் செடிகளில் பல 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சியை நிறுத்தும், 10 டிகிரிக்குக் கீழே இலையும் மொட்டும் விடைபெறத் தொடங்கும். உறைபனி விழும் இடத்தில் வசிப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் போராடுவதைவிட, வெப்பமண்டலத் தோற்றத்தோடு குளிரையும் தாங்கும் செடிகளை நடலாம். செம்பருத்தியின் உறவுகளில், உணவுத்தட்டு அளவுக்குப் பூக்கும் ஹைபிஸ்கஸ் மொஸ்கியூடஸ் தண்டோடு மடிந்து வசந்தத்தில் வேரிலிருந்து துளிர்க்கும். ஹைபிஸ்கஸ் சிரியாகஸ் இலையை மட்டும் உதிர்க்கும். கல்வாழையின் தலை பனியில் கருத்ததும் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதிர்த்து, 5 முதல் 10 டிகிரி உள்ள இருட்டான இடத்தில் உலர்ந்த மரத்தூளில் வைத்தால் பிழைக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்த செம்பருத்தி இலையை உதிர்த்தால் பதறாதீர்கள். வெளிச்சம் குறைந்ததற்கு அது இலையைக் குறைத்துக்கொள்கிறது. தண்ணீரையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

செங்காந்தளும், சயாம் டியூலிப் என்று விற்கும் அலங்கார மஞ்சளும் ஆண்டில் சில மாதம் மண்ணுக்கு மேலே அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். "செத்துப்போச்சு" என்று தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். கொட்டுவதற்கு முன் விரலால் துழாவுங்கள். கிழங்கு கெட்டியாக இருந்தால் அது ஓய்வில் இருக்கிறது. தொட்டியில் பெயரெழுதிய குச்சி செருகி, மழை படாத இடத்தில், தண்ணீர் இல்லாமல் விட்டுவிடுங்கள். செங்காந்தள் கிழங்கு கடும் நஞ்சு என்பதால் அந்தக் குச்சியில் அதையும் எழுதிவையுங்கள். முளை தலைகாட்டியதும் முதல் வாரம் மேல்மண் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு இலை விரிந்த பிறகு வழக்கமான தண்ணீரும், அதற்கும் பிறகு உரமும் ஆரம்பிக்கலாம்.